அவலாஞ்சியின் குளிர்நீரும் டிரவுட் மீனும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மார்க்கெட்டுகளில் விற்கும் மீனில் பெரும்பகுதி கடல்மீன். மத்தி, அயிலை, நெத்திலி, சங்கரா என்று பெட்டிகளில் ஐஸ் கொட்டி அடுக்கப்பட்டு, ஒரு பக்கம் கேரளக் கரையிலிருந்தும் மறுபக்கம் தமிழகத்தின் கிழக்குக் கரையிலிருந்தும் மலைப்பாதை ஏறி வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடை முடிவதற்குள்ளாகவே, ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, கேரளத்தின் 52 நாள் தடை தொடங்கிவிடுகிறது. ஆக, கோடை சீசன் கூட்டம் மலையில் நிரம்பி வழியும் மே மாதம் உட்பட மூன்றரை மாதம், ஏதாவது ஒரு கரையின் வழி அடைபட்டே இருக்கிறது. அக்காலத்தில் மீன் விலை ஏறுவது மலைவாசிகளுக்குப் பழகிப்போன செய்தி. ஆனால் அதே மலையில், குந்தா மலைத்தொடரின் மடியில் உள்ள அவலாஞ்சியில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு கொண்ட அரசு மீன்பண்ணை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் அணைகளும் வற்றாத ஓடைகளும் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் மீன்பிடித் தொழில் என்று சொல்லத்தக்க ஒன்று நீலகிரியின் மேல்மலையில் ஏன் உருவாகவில்லை என்ற கேள்விக்கு, மலைவாசிகளின் உணவுப் பழக்கத்தையோ அரசின் மெத்தனத்தையோ மட்டும் விடையாகச் சொல்லிவிட முடியாது. விடையின் பெரும்பகுதி அந்த மலையின் தண்ணீரில் இருக்கிறது.

அவலாஞ்சியில் வளர்க்கப்படுவது வானவில் டிரவுட் என்னும் மீன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஆறுகளுக்கு உரிய இந்த மீன், நீலகிரிக்கு உணவுக்காகக் கொண்டுவரப்படவில்லை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1820-களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் ஏரி வெட்டி, பங்களா கட்டி, ஆங்கிலேயர் கோடையைக் கழிக்க ஏற்ற இடமாக மலையை மாற்றிய பிறகு, அங்கே குடியேறியவர்களுக்குத் தங்கள் நாட்டுத் தோட்டப் பூக்களும் காய்கறிகளும் வேண்டியிருந்ததைப்போலவே, தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க ஒரு மீனும் வேண்டியிருந்தது. மேல்மலை ஓடைகளில் இயற்கையாக வாழும் மீன்கள் விரல் நீளத்துக்கு மேல் அதிகம் வளராதவை. தூண்டிலோடு போராடும் பெரிய மீன் எதுவும் அங்கே இல்லை. எருமை மேய்த்துப் பால்பொருளை முதன்மையாகக் கொண்டு வாழ்ந்த தோடர்களுக்கும், உழவைத் தொழிலாகக் கொண்ட படகர்களுக்கும் ஓடை என்பது குடிநீருக்கும் கால்நடைக்கும் உரியது. எனவே மீன் என்ற ஒன்றை அந்த ஓடைகளில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே மலைக்கு வெளியிலிருந்து வந்ததுதான்.

சென்னை மாகாணத்தின் இராணுவ மருத்துவரும் இந்திய மீன்களை வகைப்படுத்தியதில் முன்னோடியுமான பிரான்சிஸ் டே, 1863-இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். தோல்விக்கான காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-இல். அதற்கு முன்பு, பனிக்கட்டியில் வைத்த முட்டைகளை மாதக்கணக்கில் கப்பலில் காப்பாற்றி, பிறகு சமவெளியின் வெயிலில் வண்டிகளில் ஏற்றி, கல்லாறு வழியாக மலைக்குத் தூக்கி வருவது என்பது உயிருள்ள முட்டைக்குத் தாங்கக்கூடிய பயணம் அன்று. இதற்கிடையே டென்ச் போன்ற, வெப்பத்தை ஓரளவு பொறுக்கும் ஐரோப்பியக் கெண்டை வகைகள் ஊட்டி ஏரியில் விடப்பட்டுப் பிழைத்துக்கொண்டன. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென்றே இந்த மாவட்டத்துக்குத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஓடையில் டிரவுட் நிலைபெறுவதற்கு முன்பே அதைக் காக்கும் சட்டம் வந்துவிட்டது என்பது காலனிய ஆட்சியின் விசித்திரங்களில் ஒன்று.

டிரவுட் உண்மையில் காலூன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த எச்.சி. வில்சன் 1907-ஐ ஒட்டி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தார். இலங்கையிலிருந்தும், பின்னர் ஜெர்மனி, நியூசிலாந்து நாடுகளிலிருந்தும் முட்டைகள் தருவிக்கப்பட்டன. ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்டை விட வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் வானவில் டிரவுட்டைத் தேர்ந்தெடுத்ததே இம்முறை வெற்றிக்கு முதற்காரணம். இதே 1907-இல்தான் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு வித்திட்ட அமைப்பும் தோன்றியது. நிக்கல்சனின் அக்கறை கரையோர மீனவர்களைப் பற்றியது: பிடித்த மீன் அழுகாமல் காப்பது, உப்பிடுவது, எண்ணெயும் எருவும் எடுப்பது, கடனிலிருந்து மீனவரை மீட்கக் கூட்டுறவுச் சங்கம் அமைப்பது. ஆக ஒரே மாகாணத்தில், ஒரே காலத்தில், கடற்கரையில் மீன் ஒரு மக்களின் பிழைப்பாகவும், மலையுச்சியில் அதிகாரிகளின் பொழுதுபோக்காகவும் கணக்கெழுதப்பட்டது. இந்த இரட்டைத் தொடக்கத்தின் தழும்பு அவலாஞ்சியில் இன்றுவரை மறையவில்லை என்றே நான் கருதுகிறேன். டிரவுட்டை யார் தின்பது, யார் விற்பது என்ற கேள்வியோடு அந்தப் பண்ணை தொடங்கப்படவில்லை. யார் லைசென்ஸ் வாங்கித் தூண்டில் போடுவது என்ற கேள்வியோடுதான் தொடங்கப்பட்டது.

இனி மீனின் தேவைகளுக்கு வருவோம். டிரவுட்டுக்குத் தேவையானது குளிர்ந்த நீர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குத் தேவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆக்சிஜனைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராம் சொச்சமாகக் குறைந்துவிடும். மலையில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. அவலாஞ்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அதே 15 டிகிரி நீர் அவலாஞ்சியில் 8 மில்லிகிராம் அளவுக்கே ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 20 டிகிரிக்குப் போனால் 7 மில்லிகிராமை ஒட்டி வந்து நிற்கும். டிரவுட் நன்றாக வளர வேண்டுமென்றால் 6, 7 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது. மேலும், வெப்பம் ஏற ஏற மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனும் கூடுகிறது. இருப்பு குறைய, தேவை கூட, 20 டிகிரியைத் தாண்டியதும் மீன் இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. 25 டிகிரியை ஒட்டிய நீரில் நெடுநேரம் இருந்தால் செத்து மிதக்கிறது. உயரே போனால் குளிர்ச்சி கிடைக்கும், ஆனால் காற்று மெலியும். கீழே வந்தால் காற்று அடர்த்தி, ஆனால் நீர் சூடு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய பட்டையில்தான் நீலகிரியின் டிரவுட் பிழைக்கிறது.

முட்டையின் தேவை மீனின் தேவையை விடக் கடுமையானது. பண்ணையில் சினை முதிர்ந்த பெண் மீனை ஈரத்துணியால் பிடித்து, அடிவயிற்றில் பெருவிரலை வைத்து வால் பக்கமாக மெல்ல வருடினால், மிளகைவிடச் சற்றுப் பெரிய ஆரஞ்சு நிற முட்டைகள் தட்டில் உதிர்கின்றன. ஒரு கிலோ எடையுள்ள மீன் இரண்டாயிரம் முட்டைகள் வரை தரக்கூடும். அதன் மேல் ஆண் மீனின் விந்துப்பாலைப் பீய்ச்சி, கோழி இறகால் நோகாமல் கலக்கிய பிறகே தண்ணீர் சேர்க்கிறார்கள். தண்ணீர் முந்திக்கொண்டால் முட்டையின் நுண்துளை அடைத்துக் கரு கூடாது. பிறகு அவை ஓடும் நீரில், தட்டுத் தட்டாக இருட்டில் வைக்கப்படுகின்றன. நீர் 10 டிகிரி இருந்தால் குஞ்சு வெளிவர ஒரு மாதம் ஆகும். 15 டிகிரி இருந்தால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பாதி வழியில் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரிகின்றன. அதுவரை தட்டைச் சற்று ஆட்டினாலும் கரு சிதையும். கண் வைத்துவிட்டால் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகலாம். வெளிவந்த குஞ்சு வயிற்றில் ஒரு மஞ்சட்கரு மூட்டையோடு சில வாரம் இரை தேடாமல் கிடக்கும். இந்தக் காலம் முழுதும் நீரில் வண்டல் கலக்கக் கூடாது. ஓடையில் தானாக முட்டையிடும் டிரவுட்டுக்கும் இதே விதிதான்: பெண் மீன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது, கற்களுக்கு இடையே நீர் புகுந்து ஓடும் வரைதான் முட்டைக்கு மூச்சு. அந்த இடுக்குகளில் மண் படிந்தால் முட்டைகள் அங்கேயே புதைந்து மூச்சடைத்துப் போகின்றன.

எனவே டிரவுட்டுக்கு வேண்டியது ஆண்டு முழுதும் குளிர்ந்து, தெளிந்து, ஒரே சீராக ஓடும் நீர். காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் சிக்கிமிலும் அதை இமயத்தின் பனி தருகிறது. கோடை ஏற ஏறப் பனி உருகி ஆறு குளிர்ந்தே பெருகுகிறது. நீலகிரியில் பனிமலை கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை குந்தா மலைத்தொடரின் மேற்கு முகத்தில் கொட்டும் மழைதான் மூலதனம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 சென்டிமீட்டர் மழை பதிவாகியது. சென்னை நகரம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழையில் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அப்படி நான்கு மாதத்தில் கொட்டும் நீரைப் பிடித்துவைத்து, பிப்ரவரி முதல் மே வரையிலான உலர்காலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். அதைச் செய்வது சோலையும் புல்வெளியும் சேர்ந்த மேல்மலை நிலம்.

ஊட்டிக்கு வருபவர்கள் பார்க்கும் நீலகிரியில் இந்த நிலம் எளிதில் தென்படாது. முக்கூர்த்தி, மேல்பவானி, அவலாஞ்சி ஆகிய பகுதிகளின் உட்பகுதியில்தான் அதன் பழைய உருவம் மிச்சமிருக்கிறது. குன்றுகளின் முதுகும் சரிவும் புல், இரு குன்றுகள் கூடும் மடிப்பில் மட்டும், குடைபோல் வளைந்த குட்டை மரங்கள் நெருங்கிய சோலை, அதன் ஓரத்தில் சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசு, சோலைக்குக் கீழே ஒரு சதுப்பு, சதுப்பிலிருந்து ஓடை. குளிர்காலத்தில் புல்வெளியில் உறைபனி விழும்போது அங்கே முளைக்கும் சோலை மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன. மடிப்பில் காற்றும் பனியும் தணிந்திருப்பதால் அங்கே மட்டும் மரம் நிற்கிறது. காடு அழிந்ததால் வந்த வெட்டவெளி என்று இந்தப் புல்வெளியை நெடுங்காலம் வனத்துறையினர் கருதினர். சதுப்புகளின் அடியில் மட்கி இறுகிக் கிடக்கும் கரிய மண்ணை ஆராய்ந்தபோது, இங்கே புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது தெரியவந்தது. கால்நடையோடு மனிதர் மலையேறுவதற்கு மிக முந்திய காலம் அது.

இந்த மண்ணின் வேலை இரண்டு. மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடுவது ஒன்று. நீரைக் குளிரவைப்பது மற்றொன்று. மண்ணுக்குள் ஆழமாகச் சென்று பல வாரங்கள் தங்கி வெளிவரும் ஊற்றுநீரின் வெப்பம், அவ்விடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஊட்டியை ஒட்டிய உயரத்தில் அது 14, 15 டிகிரி. ஏப்ரல் வெயிலானாலும் டிசம்பர் உறைபனியானாலும் ஊற்றின் வாயில் பெரிய மாற்றம் இராது. சோலையின் நிழலுக்குள் ஓடும் வரை அந்தக் குளிர்ச்சி கெடுவதும் இல்லை. டிரவுட் முட்டைக்கு இதைவிடப் பொருத்தமான நீரை இயந்திரம் வைத்துக்கூட எளிதில் உண்டாக்க முடியாது. இமயத்தில் பனிப்பாறை செய்யும் வேலையை நீலகிரியில் புல்லின் வேரும் சதுப்பும் செய்கின்றன என்பதுதான் இந்த மீனின் முழு ரகசியம். மலைக்கு அந்நியமான இந்த மீன், மலைக்கே உரிய நிலத்தின் தயவில்தான் ஒவ்வொரு கோடையையும் கடக்கிறது.

அந்த நிலத்தில்தான் கைவைக்கப்பட்டது. மலையில் விறகுப் பஞ்சம் தீரவேண்டும் என்று 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) கொண்டுவரப்பட்டன. ஆங்கிலேயர் காலத்தில் ஊர்களைச் சுற்றி நின்ற இந்தத் தோப்புகள், விடுதலைக்குப் பிறகு ரேயான் இழைக்கான மரக்கூழ், தோல் பதனிடும் பட்டை ஆகிய தேவைகளுக்காகப் புல்வெளிகளின் மேல் பெரும்பரப்பில் பரப்பப்பட்டன. வெறுமனே கிடக்கும் புல்லில் மரம் வளர்த்தால் லாபம் என்பது அன்றைய கணக்கு. தண்ணீர் அந்தக் கணக்கில் வரவில்லை. உதகமண்டலத்தில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டுப் பல்லாண்டுகள் நீரோட்டத்தை அளந்தது. முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மரம் மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதமாயிற்று. மழைக்காலத்தில் இந்தக் குறைவை யாரும் உணரமாட்டார்கள். அடி விழுவது உலர்காலத்து ஊற்றோட்டத்தின் மேல். டிரவுட்டுக்கு உயிர்நாடியும் அதுவே. சீகை மரம் இன்னொரு படி மேலே போய், நடாத இடங்களிலும் தானாகவே முளைத்துப் பரவுகிறது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, ஒரு தீ பட்டதும் கூட்டமாக எழும்புகிறது. வெட்டி அகற்றிய பிறகு ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் புல் திரும்பும்.

மரம் ஒரு பக்கம் என்றால் காய்கறி மறுபக்கம். எமரால்டு, இத்தலார், நஞ்சநாடு பக்கத்துச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் நிலத்தை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை கொத்திப் புரட்டுகிறார்கள். சரிவின் குறுக்கே அல்லாமல் நெடுக்காகப் பாத்தி பிடித்த நிலத்தில் கோடைமழை ஒன்று அடித்தால் ஓடை செந்நிறமாகிவிடும். நீர் சீக்கிரம் வடிந்தால் கிழங்கு அழுகாது என்பதால் விவசாயிக்கு நெடுக்குப் பாத்தி வசதி. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்த மண் போய்ச் சேரும் இடம் கூழாங்கல் இடுக்குகளும் அணைகளின் அடித்தளமும்தான்.

அணைகளின் கதை சற்றுச் சிக்கலானது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்தில், 1960-களின் முதற்பாதியில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் எழும்பின. டிரவுட் வாழ்ந்த பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. அதே சமயம் ஆழமான, குளிர்ந்த ஏரிகள் கிடைத்தன. ஏரியில் இரை அதிகம் என்பதால் அங்கே டிரவுட் ஓடையில் வளர்வதை விடப் பெரிதாக வளர முடியும். ஆனால் அது ஏரியில் முட்டையிடாது. இனப்பெருக்கக் காலத்தில் ஏரிக்குள் வந்து விழும் ஓடைகளில் ஏறியாக வேண்டும். அணைக்குக் கீழே நிலைமை நேர்மாறானது. நீர் முழுதும் மலையைக் குடைந்த சுரங்கக் குழாய்களில் இறங்கி ஒரு மின்நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் போய்விடுவதால், இயற்கையான ஆற்றுப்படுகையில் கசிவு நீரும் மழைக்கால உபரியும் தவிர வேறு ஓட்டம் இல்லை. ஏரிகளில் பிற்பாடு விடப்பட்ட கெண்டைகளும் நிலைமையை மாற்றின. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த, அகலச் செதில்கள் கொண்ட ஜெர்மன் சாதிக் கெண்டை, அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும் பழக்கம் உள்ளது; அது வாழும் நீர் எப்போதும் சற்றுக் கலங்கியே இருக்கும். கலங்கல் நீரைப் பொறுக்கும் மீனும் பொறுக்காத மீனும் ஒரே ஏரியில் இருந்தால் எது பெருகும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, டிரவுட்டைப் பாதிக்கப்பட்ட அப்பாவியாக மட்டும் காட்டுவது நேர்மையாகாது. அதுவும் ஓடைக்குள் நுழைந்த வேற்று மீன்தான். அவலாஞ்சி ஓடையில் கணுக்கால் ஆழ நீரில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால், அடிப்புறத்தில் மூன்று வால்முடிகளோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஈசல்போன்ற பூச்சியின் இளம்புழுக்களும், மணல் துகள்களை ஒட்டிச் சிறு குழல் கட்டி அதற்குள் வாழும் புழுக்களும் தெரியும். கல்லை விட்டு நழுவித் தேங்கிய நீருக்கு ஓடும் தலைப்பிரட்டைகளும் இருக்கும். இவை அனைத்தும் டிரவுட்டுக்கு இரை. நீலகிரிக்கே உரிய பச்சை மரத்தவளை ஒன்று, மேல்மலை ஓடைகளின் தேங்கிய நீரில்தான் தன் தலைப்பிரட்டைப் பருவத்தைக் கழிக்கிறது. வேட்டையாடும் பெரிய மீனே இல்லாத ஓடைகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து பழகிய உயிர் அது. உலகின் வேறு மலைநாடுகளில் டிரவுட் விடப்பட்ட ஏரிகளில் தவளைகள் சரிந்ததற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. எனவே சோலை ஓடைகள் எல்லாவற்றிலும் குஞ்சுகளைக் கொண்டுபோய் விடுவதைவிட, பண்ணைத் தொட்டிகளிலும் ஏற்கெனவே மாறிவிட்ட அணை ஏரிகளிலும் டிரவுட்டை நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

மலையின் உண்மையான சொந்தப் பெருமீன் கீழே இருக்கிறது. பைக்காரா நீர் மேட்டு விளிம்பிலிருந்து விழுந்து மாயாறாகி, முதுமலையையும் சிகூரையும் ஒட்டி ஆழ்ந்த பள்ளத்தில் ஓடிப் பவானிசாகரில் கலக்கிறது. அந்தப் பள்ளத்தின் மடுக்களில் திமில் மகாசீர் என்னும் கெண்டையினப் பெருமீன் இன்றும் வாழ்கிறது. காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய இந்த மீன், ஆள் எடைக்கு நெருங்கி வளரக்கூடியது. வெள்ளையர் தூண்டிலோடு துரத்தியபோதெல்லாம் புகழ் பெற்றது. ஆனால் அறிவியல் பெயர் எது என்பதே 2018-இல்தான் உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. வெளியிலிருந்து வந்த மீனுக்கு 1907-இலேயே பொரிப்பகம் கட்டிய மாகாணத்தில், உள்ளூர் மீனுக்குப் பெயர் உறுதியாக மேலும் 111 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கான விடையின் மிச்சப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரவுட் ஊன் தின்னும் மீன். தொட்டியில் வளர்க்க நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம் உள்ள தீவனம் வேண்டும். அதன் அடிப்படை மூலப்பொருளே கடற்கரையில் அரைக்கப்படும் மீன்தூள். தவிடும் பிண்ணாக்கும் தின்று வளரும் கட்லா, ரோகுவோடு விலையில் அது போட்டியிட முடியாது. விற்கும் அளவுக்கு வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். தொட்டிக்கு ஓடும் குளிர்நீர் கிடைக்கும் இடமெல்லாம் காப்புக்காடாகவோ மின்வாரிய எல்லையாகவோ இருப்பதால், தனியார் ஒருவர் தோட்டத்து ஓரத்தில் பண்ணை போட வழியில்லை. பவானிசாகரில் பரிசலும் வலையுமாக மீனவக் குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்கே நீர் சூடானது, கெண்டைக்கும் ஜிலேபிக்கும் ஏற்றது. மேல்மலையில் வலையோடு இறங்கும் மீனவர் சமூகம் தோன்ற இடமே இருக்கவில்லை. இமாசலத்தில் விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே தொட்டி கட்டி டிரவுட் வளர்ப்பது கைகூடியதற்குக் காரணம், அங்கே பனியாற்று நீர் ஊர்களுக்கு நடுவே ஓடுவது. இங்கே குளிர்நீர் ஊர்களை அடைவதற்கு முன்பே குழாய்க்குள் போய்விடுகிறது.

அந்தக் குழாய் வழி நீர் பிறகு எங்கே போகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. குந்தா ஆற்றின் நீர் பில்லூரில் பவானியோடு சேர்ந்து, கோவைக்குக் குடிநீர் கொடுத்து, பவானிசாகரைக் கடந்து, காவிரியாகிப் பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. கூடலூர்ப் பக்கத்து ஓடைகளோ பாண்டியாறு, புன்னம்புழையாகி, சாலியாற்றில் கலந்து பேப்பூர்த் துறைமுகத்தருகே அரபிக்கடலில் விழுகின்றன. முகத்துவாரத்தில் ஆற்றின் ஓட்டம் வலுவாக இருந்தால்தான் மணல்திட்டு அடைக்காமல் படகு போய்வர வழி இருக்கும். மேல்மலைச் சதுப்பில் ஊற்றோட்டம் மெலிவது டிரவுட்டின் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வழிநெடுக அணைகளும் பாசனமும் எடுத்துக்கொண்டதுபோக மீதியைத்தான் கடற்கரை மீனவன் காண்கிறான்.

சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை இப்போது நடக்கிறது. அந்நியத் தாவரங்கள் குறித்த கொள்கை ஒன்றைத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அதே ஆண்டு இறுதியில் ரூ.25.14 கோடி மதிப்பில் தொடங்கிய வரையாடு திட்டமும் புல்வெளியை முன்னிறுத்தியே அமைந்தது. வரையாட்டுக்குப் புல் திரும்பும் இடத்தில் ஓடைக்கும் நீர் திரும்பும். இன்னொரு பக்கம், போர்த்திமந்து அணையை மேல் நீர்த்தேக்கமாகவும் அவலாஞ்சி–எமரால்டு ஏரிகளைக் கீழ் நீர்த்தேக்கமாகவும் கொண்டு, 500 மெகாவாட் திறனுள்ள குந்தா நீரேற்று மின்திட்டம் கட்டப்படுகிறது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் வேளையில் நீரை மேலே ஏற்றி, தேவை உச்சமடையும் வேளையில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது இதன் முறை. இது இயங்கத் தொடங்கினால், மழைக்கும் கோடைக்கும் ஏற்ப ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கிய அவலாஞ்சி ஏரியின் மட்டம் இனி நாள்தோறும் ஏறி இறங்கும். கரையில் புல் பிடிக்காத சேற்றுப் பட்டை அகலமாகும். ஆழத்தில் தங்கும் குளிர்நீர் அடிக்கடி மேல்நீரோடு கலக்கும். டிரவுட் முட்டையிட ஏறும் ஓடைவாய்கள் சில மணி நேரம் நீருக்கடியிலும் சில மணி நேரம் வெளியிலும் கிடக்கும். முட்டைப் பருவத்தில் அந்த ஓடைவாய்களின் நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் கலங்கலையும் திட்டம் இயங்குவதற்கு முன்பும் பின்பும் அளந்து வைப்பது, மீன்வளத் துறையும் மின்வாரியமும் சேர்ந்து உடனே செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத வேலை.